உலக முடிவு: ஒன்பது மணிக்குப் பிறகு போனால் வீணா? (ஹோட்டன் சமவெளி)

வத்தளைவாசி | 8 ஜனவரி 2024, இரவு 9.40

பொங்கல் லீவுக்கு நுவரெலியாப் பக்கம் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போக யோசனை. ஐந்து பேர், அதில் அம்மாவுக்கு 63 வயது. கேட்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: காலை 9 மணிக்கு முன்னர் உலக முடிவில் (World's End, சமவெளியின் செங்குத்துப் பாறை விளிம்பு) நிற்காவிட்டால் பனி மூடிவிடும், போனது வீண். இந்த 9 மணிக் கணக்கு உண்மையா, அல்லது வான் சாரதிகள் கட்டிவிட்ட கதையா? நுவரெலியாவில் தங்கினால் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

பத்தனைக்காற்று | 8 ஜனவரி, இரவு 10.55

கதை இல்லை, உண்மைதான். ஆனால் 9 மணி என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்துகிற எல்லை அல்ல. ஏன் மூடுகிறது என்று தெரிந்துகொண்டால் நேரத்தை நீங்களே கணிக்கலாம்.

சமவெளி 2,100 மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அதன் தெற்கு விளிம்பு ஒரே வெட்டாக இறங்குகிறது. இரவில் மேலே குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியாகக் கீழே வழிந்து போகும். அதனால்தான் விடியற்காலையில் விளிம்பு தெளிவாக இருக்கும். சூரியன் ஏறி, கீழே பெலிஹுல்ஓயா பக்கத்துச் சரிவுகள் சூடானதும் காற்றின் திசை புரள்கிறது. ஈரமான சூட்டுக் காற்று பாறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலேறும். ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 1 பாகை செல்சியஸ் குளிரும். ஈரம் தாங்காத உயரம் வந்ததும் முகிலாகிவிடும். அந்த உயரம் விளிம்புக்குக் கீழே அமைந்த நாளில் நீங்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஆகவே கீழ்க்காற்றில் எவ்வளவு ஈரம், வெயில் எவ்வளவு சீக்கிரம் சுடுகிறது என்ற இரண்டும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை காற்று வறண்டது. பல நாட்களில் 10 மணி தாண்டியும் திறந்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அந்தச் சுவரில் மோதுகிறது, காலை 6 மணிக்கே மூடியிருக்கலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை நன்றாக இருந்து பிற்பகலில் இடியோடு மழை வரும்.

முதல் நாள் இரவு நுவரெலியாவில் வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்து, காற்று அசையாமல், குளிர் கடித்தால் மறுநாள் காலைக்கு நல்ல அறிகுறி. தூறலும் முகிலுமாக இருந்தால் அரை மணி கூடுதலாகத் தூங்கலாம். அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தண்டவாளம் | 9 ஜனவரி, காலை 6.15

ரயிலில் வர நினைக்கிறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். பட்டிப்பொல ஸ்டேஷன், ஓஹிய ஸ்டேஷன் ரெண்டுமே பூங்காவுக்குக் கிட்ட. பட்டிப்பொல சுமார் 1,890 மீட்டர், இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன். ஆனா கொழும்பில காலையில ஏறுற எந்த ரயிலும் அன்னைக்குக் காலையில உங்களை உலக முடிவுக்குக் கொண்டுபோகாது. நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கிற நானுஓயா ஸ்டேஷனுக்கே மத்தியானம் ஆகிடும். முதல் நாளே வந்து நுவரெலியா, ஓஹிய, ஹப்புத்தளை எங்கயாவது படுத்தாத்தான் சரி.

ஓஹிய ஸ்டேஷன்ல இருந்து ஃபார் இன் (பூங்காவுக்குள்ள நடை தொடங்குற இடம்) வரைக்கும் ரோட்டுல சுமார் 11 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். நடந்தா மூணு மணி நேரம். அதுக்கப்புறம் உள்ளே ஒன்பதரை கிலோமீட்டர் சுத்து, திரும்ப இறக்கம். மொத்தம் 30 கிலோமீட்டருக்கு மேல. முடியாதது இல்லை. ஆனா மேலே போக மட்டும் முச்சக்கர வண்டி பிடிச்சு, இறங்கும்போது நடக்கிறதுதான் புத்தி.

பட்டிப்பொலவுக்கும் ஓஹியவுக்கும் நடுவுல உள்ள சுரங்கத்தையும் கவனிங்க. மலையோட முதுகெலும்பைக் குறுக்கே அறுத்துப் போகுது. இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில்னு நிறைய நாள் இருக்கும். நுவரெலியா வானத்தை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க.

பத்தனைக்காற்று | 9 ஜனவரி, காலை 7.30

சுரங்கத்தைப் பற்றிச் சொன்னது முக்கியம். நான் மேலே எழுதிய நட்சத்திரக் குறிப்புக்கு அது ஒரு திருத்தம். தென்மேற்கு மழைக்காலத்தில் நுவரெலியா நனைந்துகொண்டிருக்க கிழக்கே ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றில் தலைகீழ். சமவெளி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் நட்சத்திரக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும். மற்ற மாதங்களில் ஓஹிய பக்கம் உள்ள ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வத்தளைவாசிக்கு நேர அட்டவணை. நுவரெலியாவிலிருந்து அம்பேவல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 32 கிலோமீட்டர். ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். தூரத்தைப் பார்த்து முக்கால் மணி என்று எண்ணாதீர்கள். பட்டிப்பொலவுக்கு மேலே ஒடுங்கிய கொண்டை வளைவுகள், விடியுமுன் பனி.

4.45: விடுதியை விட்டுப் புறப்பட வேண்டும்.
6.00: பட்டிப்பொல வாயில். திறப்பதே 6 மணிக்குத்தான். ஜனவரி நடுவில் சூரிய உதயம் 6.25 அளவில், ஆகவே இன்னும் இருட்டாக இருக்கும்.
6.40: நுழைவுச்சீட்டு வாங்கி, உள்ளே ஓடி, ஃபார் இன் தரிப்பிடம். கழிப்பறை இங்கே மட்டும்தான், பாதையில் எங்கும் இல்லை.
7.00: பை சோதனை முடிந்து நடை ஆரம்பம்.
7.50: சிறிய உலக முடிவு.
8.20: பெரிய உலக முடிவு. இதுவரை 4 கிலோமீட்டர்.
9.30: பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி, இன்னும் 2 கிலோமீட்டர்.
11.00: திரும்பவும் ஃபார் இன், கடைசி 3.5 கிலோமீட்டர்.

வாயிலில் இருந்து ஃபார் இன் வரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மரைகள் (கடமான்) ரோட்டிலேயே நிற்கும், சிறுத்தை குறுக்கே போவதும் உண்டு. ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறக்கும் வான்கள்தான் அந்த ரோட்டில் பெரிய ஆபத்து.

ஓஹிய இறக்கம் | 9 ஜனவரி, மாலை 5.20

எல்லாரும் உலக முடிவுக்கு முதலில் ஓடுவதால் அங்கே எட்டு மணிக்குத் தோளோடு தோள் முட்டும். சுற்றை மாற்றி பேக்கர்ஸ் பக்கமாகப் போனால் பாதை காலி. நீர்வீழ்ச்சியில் ஆள் இருக்காது. உலக முடிவுக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேரலாம், அதற்குள் முதல் கூட்டம் கலைந்திருக்கும். ஜனவரியில் இது நல்ல கணக்கு.

பத்தனைக்காற்று | 9 ஜனவரி, இரவு 8.05

தனியாக அல்லது வேகமாக நடப்பவர்களோடு என்றால் ஒத்துக்கொள்கிறேன். இவர்களுக்கு வேண்டாம். காரணம் இரண்டு.

ஒன்று, பனி நீர்வீழ்ச்சியைக் கெடுக்காது, உலக முடிவைக் கெடுக்கும். கெடக்கூடியதை முதலில் பார்க்க வேண்டும். வெயில் குறைந்து வெளிச்சம் பரவலாக இருக்கும்போதுதான் நீர்வீழ்ச்சிப் படமும் நன்றாக வரும். நல்ல வெயிலில் நீர் வெள்ளையாக வெந்துபோய்விடும்.

இரண்டு, இந்தச் சுற்றில் உண்மையில் செங்குத்தான இடம் பேக்கர்ஸ் மட்டும்தான். பிரதான பாதையிலிருந்து பார்வை மேடைக்கு இறங்கி ஏற வேண்டும். வேரும் களிமண்ணும் கலந்த படிகள், எப்போதும் ஈரம். காலையின் முதல் குளிரில், தசை இறுகியிருக்கும்போது 63 வயதுக்காரரை அங்கே இறக்கக் கூடாது. ஆறு கிலோமீட்டர் நடந்து உடம்பு சூடான பிறகு, நிதானமாக, கைத்தடி ஒன்றோடு இறங்கலாம். முழங்கால் வலி உள்ளவர் என்றால் மேலேயே இருந்துவிட்டு, மற்றவர்கள் மட்டும் இறங்கி வரட்டும். நீர்வீழ்ச்சி 20 மீட்டர் உயரம்தான். அதன் சத்தத்தை மேலேயே கேட்கலாம். குளிக்க அனுமதி இல்லை.

வத்தளைவாசி | 9 ஜனவரி, இரவு 9.15

அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு, மற்றபடி தினமும் நடப்பவர். 2,100 மீட்டர் உயரம் பிரச்சினையா? சாப்பாடு என்ன கொண்டுபோவது? பிளாஸ்டிக் விடமாட்டார்கள் என்கிறார்கள்.

பத்தனைக்காற்று | 9 ஜனவரி, இரவு 11.10

மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். முதல் இரவு 1,868 மீட்டரில், நுவரெலியாவில் தங்குகிறீர்கள் என்பதும் உதவும். மூச்சு கொஞ்சம் வாங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். மாத்திரை பற்றி அவருடைய வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உயரத்தை விடத் தொல்லை தருவது குளிரும் வெயிலும். கொழும்பில் 27 பாகை என்றால், 100 மீட்டருக்கு 0.65 வீதம் கழித்துப் பாருங்கள், சமவெளியில் 13, 14. அது நாள் சராசரிக் கணக்கு (முன்பு சொன்ன 1 பாகை, முகிலாகுமுன் மேலேறும் காற்றுக்கு மட்டும்). டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படியும். ஆறரைக்கு நடுங்குவீர்கள், ஒன்பதரைக்கு வியர்ப்பீர்கள். ஆகவே ஒரே தடித்த ஜக்கெட் வேண்டாம். மெல்லிய செயற்கை நூல் உடுப்பு, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காற்றும் மழையும் தடுக்கும் மெல்லிய கோட். வெப்பம் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைக்கலாம். டெனிம் நனைந்தால் காயாது. பருத்தி டீசேட் வியர்வையை வைத்துக்கொண்டு காற்று அடிக்கும்போது உடம்பைக் குளிர வைக்கும்.

பத்தனைப் புல்வெளியில் மர நிழல் இல்லை. காற்று குளிராக இருப்பதால் தோல் எரிவது தெரியாது. மாலையில்தான் மூக்கும் பிடரியும் சொல்லும். தொப்பியும் சன்கிரீமும் அவசியம். ஆளுக்கு ஒன்றேகால் லீற்றர் தண்ணீர். தேய்ந்த அடிப்பாகமுள்ள சப்பாத்து வேண்டாம். பாதையில் உருளும் சரளைக்கல்லும் மழை அரித்த பள்ளங்களும் மாறி மாறி வரும்.

பிளாஸ்டிக் விஷயம். ஃபார் இன்னில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பை, பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தலின் லேபல், எல்லாவற்றையும் உரித்து எடுத்துவிடுவார்கள். பிஸ்கட்டைக் காகிதத்தில் மாற்றித் தருவார்கள். இதில் பலர் மாட்டிக்கொள்வது சாப்பாட்டுப் பார்சலில். விடுதியில் கட்டித் தரும் பார்சலில் லஞ்ச் சீட் இருக்கும், அது பொலித்தீன்தானே. சோறும் கறியுமாக அதைப் பிரித்தால் என்ன செய்வீர்கள்? முதல் நாளே விடுதியில் சொல்லி வாழையிலையில் கட்டச் சொல்லுங்கள், அல்லது எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். குளிரில் சோறு விறைத்துவிடும். ரொட்டியும் கட்டச் சம்பலும், அல்லது பணிஸும் அவித்த முட்டையும், வாழைப்பழமும் போதும். பழத்தோலையும் முட்டைக் கோதையும் திரும்பக் கொண்டு வாருங்கள். தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் கூடாது. வறண்ட மாதத்தில் பத்தனை பற்றினால் அணைப்பது லேசல்ல.

கரம்பன் | 10 ஜனவரி, காலை 8.00

உலக முடிவு ஆழம் 1,200 மீட்டர் தானே? விளிம்பில வேலி இருக்கோ? சின்னப்பிள்ளையளோட போறவை யோசிக்க வேணும்.

பத்தனைக்காற்று | 10 ஜனவரி, காலை 8.45

1,200 என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். பாறைச் சுவரின் வீழ்ச்சி சுமார் 870 மீட்டர். அதற்குக் கீழே நிலம் தொடர்ந்து சரிந்துகொண்டே போவதால் பார்க்கும் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரியும். சிறிய உலக முடிவு சுமார் 270 மீட்டர்.

பாதுகாப்பை வேலியை நம்பி விடாதீர்கள். பிள்ளைகளை விளிம்புக்குப் போகுமுன்பே கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடி வந்து நிற்கும் இடமல்ல. பெரியவர்களுக்கு ஆபத்து வேறு விதம்: படம் எடுக்கப் பின்னால் காலடி வைப்பது. 2015 பெப்ரவரியில் நெதர்லாந்துப் பயணி ஒருவர் இப்படித்தான் விழுந்தார். சுமார் 40 மீட்டர் கீழே மரம் தடுத்ததால் பிழைத்தார், இராணுவத்தினர் கயிறு கட்டி மீட்டார்கள். படம் எடுப்பவர் முதலில் நிற்கும் இடத்தைத் தேர்ந்து, நின்ற பிறகே கமராவைத் தூக்க வேண்டும். கமராவைக் கண்ணில் வைத்தபடி ஒரு அடியும் நகரக் கூடாது. பாறை காலையில் பனி ஈரத்தில் வழுக்கும்.

தண்டவாளம் | 10 ஜனவரி, பகல் 12.30

வத்தளைக்காரரே, தேதியைப் பார்த்தீங்களா? பொங்கல் திங்கட்கிழமை 15ஆம் திகதி. சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாள் லீவு. பட்டிப்பொல வாயில்ல வண்டி வரிசை கிலோமீட்டர் கணக்கா நிக்கும். 4.45க்குப் புறப்பட்டாலும் நடை தொடங்க எட்டரை ஆகும். பொங்கலை வீட்டுல பொங்கிட்டு செவ்வாய்க்கிழமை போங்க.

பத்தனைக்காற்று | 10 ஜனவரி, பகல் 12.50

செவ்வாய்க்கிழமையே சரி. நீண்ட வார இறுதி, போயா (பௌர்ணமி) லீவு, ஏப்ரல் வசந்த காலம், பாடசாலை விடுமுறை நான்கையும் தவிர்க்கவும். மேலே நான் போட்ட அட்டவணை சாதாரண வார நாளுக்கானது.

வத்தளைவாசி | 17 ஜனவரி, இரவு 8.20

நேற்றுப் போய் வந்தோம். அட்டவணை கிட்டத்தட்ட அப்படியே நடந்தது, அம்மாவும் பேக்கர்ஸ் வரை இறங்கினார். பத்து மணி போலத்தான் மூடியதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு கேள்வி. காட்டுக்குள் நிறைய மரங்கள் பட்டு, வெள்ளை எலும்பு போல நிற்கின்றன. தீயா?

பத்தனைக்காற்று | 17 ஜனவரி, இரவு 10.30

தீ இல்லை. தீ பிடித்தது புல்வெளியோரம் கரியாகத் தெரியும். நீங்கள் பார்த்தது முகிற்காட்டு மரங்கள் நின்றபடியே பட்டுப்போவது. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தொட்டுபொலகந்த மலைப் பக்கம் அதிகம். கீன என்று சிங்களத்தில் சொல்லும் குடை போன்ற மரமும் நாவல் இனத்து மரங்களும்தான் அதிகம் அடிபட்டவை. வறட்சி, மண்ணின் சத்துக் குறைபாடு, காற்று மாசு என்று ஆய்வாளர்கள் பல காரணங்களைப் பார்த்தார்கள்; ஒரே காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை.

இதை ஏன் கவனிக்க வேண்டும் என்றால், எல்லோரும் எதிரியாகப் பார்க்கும் அந்தப் பனியைப் பிடித்துத் தண்ணீராக்குவதே இந்த மரங்கள்தான். கிளை முழுக்கப் பாசியும் மரத்தாடியும் தொங்குகிறதே, முகில் அவற்றின் ஊடாகப் போகும்போது துளி துளியாகப் படிந்து சொட்டும். மழையே பெய்யாத நாளில் காட்டுக்குள் நின்றால் தோள் நனையும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொடுக்கும் ஓடைகள் இங்கே பிறக்கின்றன. பேக்கர்ஸில் விழுவது பெலிஹுல் ஓயா. அது இறங்கி வளவையோடு சேரும் இடத்தில்தான் சமனலவெவ அணை. உலக முடிவில் நின்று தெற்கே பார்க்கும்போது கீழே தெரியும் நீர்ப்பரப்புகள், நீங்கள் காலையில் தாண்டிய ஓடையின் தண்ணீரே. அந்தக் காட்சியில் எனக்குப் பெரிதாகப் படுவது ஆழம் அல்ல, இந்தத் தொடர்புதான்.

மலைக்காட்டை விட்டுவைக்க வேண்டும் என்ற பேச்சும் பழையது. 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டை வெட்டக் கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொன்னார். உயர்ந்த மலைகளில் இன்றும் காடு மிஞ்சியிருப்பதில் அதற்குப் பங்குண்டு. அப்படியிருந்தும் 1960களில் பத்தனையின் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமை.

மலையேறி_மட்டக்களப்பு | 12 பெப்ரவரி, இரவு 7.45

உலக முடிவு பார்த்தாயிற்று. அடுத்து கிரிகல்பொத்த மலை ஏற வேண்டும். ஒரே நாளில் இரண்டும் முடியுமா? வழிகாட்டி தேவையா?

ஓஹிய இறக்கம் | 12 பெப்ரவரி, இரவு 9.00

ஒரே நாளில் இரண்டையும் சேர்க்காதீர்கள். கிரிகல்பொத்த போக 7 கிலோமீட்டர், வர 7. கணக்குக்கு 14 தான், ஆனால் உலக முடிவுப் பாதை மாதிரி மிதித்து அகலமான பாதை அல்ல. ஆறு முதல் எட்டு மணி நேரம் வையுங்கள்.

பத்தனைக்காற்று | 12 பெப்ரவரி, இரவு 10.40

கிரிகல்பொத்த 2,388 மீட்டர், நாட்டின் இரண்டாவது உயரம். பிதுருதலாகல (2,524 மீட்டர்) உச்சியில் பாதுகாப்பு நிலையம் இருப்பதால், முழுக்கக் கால்நடையாக ஏறி உச்சியில் நிற்கக்கூடிய மிக உயர்ந்த மலை இதுதான் என்று சொல்லலாம்.

முதல் பாதி புல்வெளியும் ஓடைக் கரையும். இங்கே சிக்கல் சேறு. கறுத்த பஞ்சு போன்ற மண், மேலே பார்த்தால் திடமாகத் தெரியும், மிதித்தால் கணுக்கால் வரை, மழைக்குப் பிறகு முழங்கால் வரை போகும். வெறும் கறுப்பில் கால் வைக்காதீர்கள், புற்குற்றியின் நடுவில் வையுங்கள். ஓடைக் கரைகளில் குட்டை மூங்கில் அடர்ந்திருக்கும், அதற்குள் பாதை மறையும்.

இந்தப் புல்வெளியில்தான் வழி தவறுகிறது. மரைகள் நடந்து நடந்து பாதை போட்டிருக்கின்றன. மனிதப் பாதையைவிடத் தெளிவாகவே இருக்கும். பனியில் அதைப் பிடித்துப் போனால் ஓடைக்கரையில் கொண்டுபோய் விடும். வித்தியாசம் இதுதான்: மரைத் தடம் புதருக்குள் இடுப்பு உயரத்தில் நுழையும், தலைக்கு மேலே கிளை மூடியிருக்கும். மனிதர் போகும் பாதையில் தலை உயரத்துக்குக் கிளை முறிந்திருக்கும். சந்தேகம் வந்தால் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். குறுக்கு வழி தேடாதீர்கள். வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள், மேலே சிக்னல் நம்ப முடியாது. குளிரில் பற்றரி வேகமாக இறங்கும். கைபேசியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு வையுங்கள்.

இரண்டாவது பாதி காடு. வேர்ப் படிகள், ஈரப் பாறை, நெலு புதர். நெலு நம் குறிஞ்சியின் அதே பேரினம். சில இனங்கள் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒன்றாகப் பூத்து ஒன்றாக மடியும். 2013இல் இங்கே பெரிய பூப்பு நடந்தது. பூத்து முடிந்தால் காய்ந்த தண்டுகள் பாதையில் சரிந்து கிடக்கும், அந்த ஆண்டில் நடை நேரம் கூடும். உச்சியில் நாள் தெளிவாக இருந்தால் மேற்கே சிவனொளிபாத மலை தெரியும்.

ஃபார் இன்னில் உள்ள அதிகாரிகளிடம் எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டே புறப்பட வேண்டும். ஏழு மணிக்கு நடை தொடங்காவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பகல் 12 மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே திரும்புங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. பிற்பகல் பனியில் அந்தச் சேற்றுவெளியைக் கடப்பதுதான் இந்த நடையின் மிகக் கடினமான பகுதி. வழிகாட்டி சட்டப்படி தேவையோ இல்லையோ, முதல் முறை போகிறவர் பாதை தெரிந்த ஒருவரோடு போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மலையேறி_மட்டக்களப்பு | 13 பெப்ரவரி, காலை 6.30

இரவு தங்க?

பத்தனைக்காற்று | 13 பெப்ரவரி, காலை 7.10

உள்ளே வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்கள் உண்டு (கினிஹிரிய, மகா எலிய), முகாம் இடங்களும் உண்டு. திணைக்களத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், வறண்ட மாதங்களுக்கு வெகு முன்னரே. கூடாரத்தில் படுக்கிறவர்களுக்கு 0 பாகை தாங்கும் உறக்கப்பை வேண்டும். அதைவிட முக்கியம் கீழே விரிக்கும் மெத்தை. உடம்புச் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும். பள்ளத்தில் கூடாரம் போடாதீர்கள், குளிர்காற்று வழிந்து வந்து தேங்குவது அங்கேதான். பத்து அடி மேட்டில் உறைபனி கணிசமாகக் குறையும்.

கரம்பன் | 3 ஜூலை, மாலை 6.00

பழைய இழை எண்டாலும் இதிலயே கேக்கிறன். வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் வந்திருக்கினம், ஜூலையில மட்டும்தான் நேரம். போகலாமோ, விடலாமோ?

பத்தனைக்காற்று | 3 ஜூலை, இரவு 9.25

போங்கள், ஆனால் உலக முடிவுக்காகப் போகாதீர்கள்.

ஜனவரியில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூடியது என்றால் அன்றைக்கு முழுக்க மூடியது என்று அர்த்தமில்லை. விளிம்பில் முகில் அலை அலையாக வரும். காற்று ஓங்கும்போது கிழிந்து, இரண்டு மூன்று நிமிடம் கீழ்ப் பள்ளத்தாக்கு தெரிந்து, திரும்ப மூடும். வந்து பார்த்து, வெள்ளையாக இருக்கிறதென்று ஐந்து நிமிடத்தில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அரை மணி நேரம் காற்றுக்கு ஒதுங்கி, கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். முகில் மெல்லியதாக, வெளிச்சம் ஊடுருவுகிறதாக இருந்தால் காத்திருக்கலாம். கரும்சாம்பலாக, தூறலோடு இருந்தால் எழுந்து நடங்கள்.

மழை நாளில் பார்க்க வேண்டியவை வேறு. பேக்கர்ஸ் நீர் நிறைந்து விழும். முகிற்காடு அதன் உண்மையான உருவத்தில் இருக்கும். மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்று உண்டு, இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பாசி படிந்த தண்டில், கண் மட்டத்தில், அசையாமல் இருக்கும். நிறம் ஒத்துப்போவதால் பத்துப் பேரில் ஒன்பது பேர் கடந்து போய்விடுவார்கள். பறவை தேடுகிறவர்கள் விடியலில் அரெங்கா குளத்தோரம் நிற்பார்கள், இலங்கைச் சீட்டிக்குருவிக்காக; பட்டிப்பொல வாயிலிலிருந்து ஃபார் இன் போகும் ரோட்டோரம்தான்.

வயதானவர்களோ, தாமதமாக வந்தவர்களோ என்றால் தொட்டுபொலகந்த. 2,357 மீட்டர், மூன்றாவது உயரம், ஆனால் ரோடே பாதி உயரத்தை ஏற்றிவிட்டுவிடும். ரோட்டோரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு, ஒரு மணி நேர ஏற்றம். காற்றில் வளைந்த குட்டை மரங்கள் வழியாகப் போகும். கூட்டம் கிடையாது. ஜூலையில் காற்று ஆளைத் தள்ளும், குடை பயன்படாது, மழைக்கோட்டுத்தான்.

தண்டவாளம் | 4 ஜூலை, காலை 7.00

ஒண்ணு விட்டுப்போச்சு. தரிப்பிடத்துல மரை கிட்ட வந்து நிக்கும், ஆளைக் கண்டு ஓடாது. சொந்தக்காரர் பிள்ளைங்க பிஸ்கட் நீட்டுவாங்க. விடாதீங்க.

பத்தனைக்காற்று | 4 ஜூலை, காலை 7.35

ஆமாம், இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கையிலிருந்து தின்னப் பழகிய மரை பையையும் உறையோடு தின்னும். செத்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் கிடந்ததால்தான் அந்தப் பை சோதனையே கடுமையானது. தரிப்பிடத்தில் வண்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், உள்ளே தலையை விடும். கொம்புள்ள ஆணோடு படம் எடுக்க நெருங்கவும் கூடாது. சாதுவாகத் தெரிந்தாலும் தலையை ஒரு முறை திருப்பினால் போதும்.

ஃபார் இன் பக்கத்தில் மஞ்சள் பூப்பூத்த முட்புதர் அழகாக இருக்கும், பிள்ளைகள் பறிக்கப் பார்ப்பார்கள். அது ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஐரோப்பியச் செடி, பத்தனையைத் தின்றுகொண்டு வருகிறது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு கிடந்து முளைக்கும். சப்பாத்தில் ஒட்டிய சேற்றைத் தரிப்பிடத்திலேயே தட்டிவிட்டு வண்டியில் ஏறுங்கள். அடுத்து கிரிகல்பொத்தவோ நக்கிள்ஸோ போகிறவர்கள் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டே போக வேண்டும்.

கரம்பன் | 4 ஜூலை, காலை 9.10

சரி. ஒரு பொடியனிட்ட டிரோன் இருக்கு.

பத்தனைக்காற்று | 4 ஜூலை, காலை 9.20

விடுதியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். முன் அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் பறக்கவிட முடியாது. ஜூலைக் காற்றில் விளிம்புக்கு அப்பால் போனால் திரும்பியும் வராது.